நைட் ஷிப்ட் பார்த்த ஒன்பது மீன்கள்

மீனுக்குக் குளிருமா?

தேவிகுளத்தில் இரண்டாம் வகுப்பு படித்த ஒரு பெண்பிள்ளை போனில் என்னிடம் இதைக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. நான் பொள்ளாச்சிப் பக்கத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். படித்த பிறகு ஏழு வருஷம், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அலங்கார மீன் கடையின் கௌண்டரில் நின்றவள். தண்ணீர் குளிர்ந்தால் மீன் மந்தமாகும், இரை எடுக்காது, உடம்பில் வெண்புள்ளி வரும், கடைசியில் செத்துப்போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை கேட்டது அதையல்ல. நமக்குக் குளிருகிற மாதிரி அதற்கும் குளிருமா என்று கேட்டாள். "கேட்டுச் சொல்றேன் கண்ணு" என்றேன். இன்னும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நான் கடையை விட்டுப் போகிறேன். என் இடத்துக்கு நீங்கள் இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள். "அம்மிணி, அவுங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுப் போ" என்றார் கடைக்காரர். முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் மாதிரி அறிவுரை எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. தண்ணீர் மாற்றுவதும் பாக்கெட்டில் ஆக்சிஜன் பிடித்துக் கட்டுவதும் பத்து நாளில் கைக்குப் பழகிவிடும், அதை எழுதவில்லை. நான் தப்புச் செய்ததை எழுதுகிறேன். மற்றக் கடைகளில் கௌண்டரில் நிற்கிறவர்களும் படிக்கட்டும் என்று நம் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடப்போகிறேன்.

இரவுத் தொட்டி கேட்டு வருகிறவர்கள் குறைவு. பகலில் பதுங்கி, விளக்கு அணைந்த பிறகு வெளியே வருகிற மீன்களுக்கான தொட்டி அது. மாதத்துக்கு ஒருவர் கேட்டால் அதிகம். அப்படி வருகிறவரிடம் எந்த மீன் பிடிக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எந்த நேரத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து நியான் மீன்கள் தேவைப்பட்டன. கடைக்கு வந்த முதல் வருஷம், ஒரு பள்ளி ஆசிரியருக்குப் பத்து நியானும், பகலெல்லாம் கல்லுக்கடியில் சாதுவாகக் கிடந்த ஒரு புள்ளிக் கெளுத்தியும் சேர்த்துக் கொடுத்தேன். தினமும் காலையில் ஒரு நியான் குறைந்தது. அவர் வீட்டில் பூனை உண்டு. பூனைதான் என்று அவரும் முடிவு செய்தார், நானும் முடிவு செய்தேன். தொட்டிக்குக் கம்பிவலை மூடி போடச் சொன்னேன். மூடி போட்ட பிறகும் குறைந்தது.

"ஏன் அம்மிணி, பூனை தொட்டிக்குள்ளயே குடியிருந்தா மூடி என்ன பண்ணும்?" என்றார் கடைக்காரர்.

பகலில் தூங்குகிற கெளுத்திக்கு ராத்திரி பசிக்கும். நியான் ராத்திரிதான் தூங்கும். விஷயம் அவ்வளவுதான். அந்த ஆசிரியர் இன்றைக்கும் கடைக்கு வந்தால், அவர் வீட்டுப் பூனையிடம் நான் எப்போது மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று விசாரிப்பார்.

அதற்குப் பிறகு எதையும் இரண்டு தடவை பார்க்கிற பழக்கம் எனக்கு வந்தது. யாழினி பிறந்த பிறகு அது நான்கு தடவையாகிவிட்டது. கேஸை மூடினேனா என்று பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள் நான். ஒவ்வொரு இரவுத் தொட்டிக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவேன். பதுங்க இடம், மணல் வகை, எத்தனை மணிக்கு இரை, எந்த விளக்கு என்று எழுதி, எழுதியதை மறுபடி சரிபார்ப்பேன். இவ்வளவு கவனமாக இருந்தவள்தான் இந்தக் கடையில் யாரும் செய்யாத தப்பைச் செய்தாள்.

அது ஒரு நவம்பர் மாதம். கையில் மஞ்சள் பையோடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து நின்றார். பெயர் முருகையா. தேவிகுளத்துப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அக்காவைக் கொழிஞ்சாம்பாறையில் கட்டிக்கொடுத்திருந்ததால் மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கம் வருவாராம்.

"பகல்ல தூங்குற மீனு இருக்கா?"

"இருக்குதுங்க. வாங்கீட்டுப் போயி எப்பப் பாப்பீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ராத்திரிதான். பதினாறு வருசமா நைட் ஷிப்ட்டு. வாரத்துல ஒரு நாள் லீவு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. எங்க எஸ்டேட்டு லயத்துல ஒத்த ரூம்பு. லைட்டப் போட்டா பிள்ளைக எந்திரிச்சிரும். டிவியப் போட்டா வீட்டுக்காரி எந்திரிச்சிருவா. சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். நான் முழிச்சிருக்கும்போது கூட முழிச்சிருக்க மாதிரி ஏதாச்சும் வேணும். சத்தம் போடக்கூடாது."

"மீனு சத்தம் போடாதுங்க."

"அதான் மீனு கேக்கேன்."

நான் நோட்டை எடுத்தேன். நோட்டைப் பார்த்ததும் என்னை டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார். கடைசிவரைக்கும் டீச்சர்தான். அவருக்குப் பிளாக் கோஸ்ட் மீன் மேல் கண். கரிய ரிப்பன் ஒன்று தண்ணீரில் நெளிகிற மாதிரி போகும் அந்த மீனைப் பார்த்தவர்கள் யாரும் விடமாட்டார்கள். அவர் மனதில் வைத்திருந்த தொட்டி இரண்டரை அடி நீளம்.

"இது ஒண்ணரை அடி வளருமுங்கண்ணா. உங்க தொட்டியில அதனால திரும்பக்கூட முடியாது."

"எங்க ரூம்புல நாங்களும் அப்படித்தான் இருக்கோம் டீச்சர்" என்றார். பிறகு கொஞ்சநேரம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "சரி, அதுக்காச்சும் அந்தக் கதி வேண்டாம்" என்றார்.

கடைசியில் ஒன்பது மீன்கள் என்று முடிவானது. ஆறு லோச். சுண்டுவிரல் நீளம், மஞ்சளும் கறுப்புமாக வளையம் போட்ட உடம்பு, பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்துவிட்டு இருட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். மூன்று தலைகீழ்க் கெளுத்தி. மல்லாந்து நீந்துவதுதான் அவற்றின் வழக்கம். பதுங்குவதற்குத் தேங்காய்ச் சிரட்டைகள், மெல்லிய மணல், பூஜை அறையில் எரிகிற மாதிரி ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்ப். சிவப்பு வெளிச்சம் அந்த மீன்களுக்குச் சரியாகத் தெரியாது, இருட்டு என்றே நினைத்துக்கொள்ளும். தொட்டியை அன்றே கொண்டுபோனார். தண்ணீர் பழகுவதற்கு ஒரு மாதம் விட்டு, மீன்களை டிசம்பரில் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அந்த மாதம் முழுக்க வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசினோம். தண்ணீர் கலங்கலா, வாசனை வருகிறதா, பம்ப் ஓடுகிறதா என்று எல்லாவற்றையும் கேட்டேன். லீவு ராத்திரிகளில் மீன் இல்லாத தொட்டிக்கு முன்னாலேயே சிவப்பு விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்ததாக ஒருநாள் சொன்னார். "சிரட்டையப் பாத்துக்கிட்டு இருந்தேன். பரவாயில்ல, மோட்டப் பாக்கதுக்கு இது நல்லாத்தான் இருக்கு." இன்னொரு நாள், "தண்ணி மாத்தும்போது கை வெறச்சுப்போகுது டீச்சர்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

டிசம்பரில் வந்தார். மீன்களைப் பாக்கெட்டில் பிடித்து, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பக்கக் குறிப்பையும் கையில் கொடுத்தேன். பதினொரு மணி பஸ்ஸில் ஏறினார். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு வழியாகத் தேவிகுளம் போய்ச் சேர இரவு ஏழரை எட்டு மணி ஆகும். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மாலை ஐந்தரை மணிக்கு யாழினியைக் குளிக்க வைத்துக்கொண்டிருந்தேன். சித்தூரில் டிசம்பர் மாதம் குளிர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கணவாய்க் காற்று கதவைப் படார் படாரென்று அடிக்கும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு வயதுப் பிள்ளையாயிற்றே என்று சுடுதண்ணீரை விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் ஆறியிருந்தது. இன்னும் அரைச் சொம்பு சுடுதண்ணீர் விட்டு, மறுபடி முழங்கையை விட்டேன். முழங்கை தண்ணீரில் இருக்கும்போதே எனக்குத் தேவிகுளம் ஞாபகம் வந்தது.

ஹீட்டர்.

நம் கடையில் அப்போது ஹீட்டரே கிடையாது. சித்தூரில் மீன் தொட்டிக்கு ஹீட்டர் கேட்டு யாரும் வந்ததில்லை. ஏப்ரல் மாதம் தொட்டிக்குள் ஐஸ் போடலாமா என்று கேட்கிற ஊர் இது. எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் நமக்கு ராத்திரி என்றால் இருட்டு மட்டும்தான். அவர் ஊரில் ராத்திரி என்றால் குளிரும் சேர்ந்தது. இருட்டுக்குப் பொருத்தமாக ஒன்பது மீனைத் தேடித் தேடி எடுத்தேன். கை விறைக்கிறது என்று அவரே வாய்விட்டுச் சொன்னபோது அவருடைய கையைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

யாழினியைத் துவட்டி மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. சின்னார் காட்டுக்குள் பஸ் போய்க்கொண்டிருக்க வேண்டும். கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்கண்ணா, ஹீட்டர் குடுக்காம அனுப்பிட்டனுங்க."

"அட ஆமா" என்றார். பிறகு, "இப்பச் சொல்லாண்டாம் அம்மிணி. பஸ்ஸுல போறவரைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகுது? அந்த நேரத்துக்கு ஹீட்டருக்கு அவரு எங்க போவாரு? நாளைக்கு ஒண்ணு ரெண்டு போச்சுன்னா வேற மீன் குடுத்துக்கலாம்" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வழி ஒன்றும் கையில் இல்லாமல் கெட்ட செய்தியை மட்டும் சொல்வதில் என்ன பயன் என்பது நியாயமான கேள்விதான். நானும் அரைமணிநேரம் அப்படித்தான் நினைத்தேன். முதலில் ஒரு வழியைக் கண்டுபிடிப்போம், பிறகு சொல்வோம் என்று அடுப்படியில் நடந்தேன். சுடுதண்ணீர்ப் பை, குண்டு பல்ப், கம்பளி என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபத்து தெரிந்தது. ஆனால் மீன் இல்லாத தொட்டிக்கு முன்னால் சிரட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் அவர். எட்டு மணிக்கு வீட்டுக்குப் போவார், பாக்கெட்டைப் பிரிப்பார், என் குறிப்பை வரிவரியாகப் படித்து, அதன்படியே ஒன்பதையும் அந்தத் தண்ணீரில் விடுவார். நான் எழுதிக் கொடுத்தபடி செய்துதான் அவை சாகும். அதை என்னால் தாங்க முடியவில்லை.

விடாமல் போன் செய்தேன். ஏழு மணி சுமாருக்கு மூணாறு பஸ் ஸ்டாண்டில் எடுத்தார்.

"அண்ணா, தப்பு என்னோடதுங்க. மீனைத் தொட்டியில உட்ராதீங்க."

"ஏன் டீச்சர்?"

"அந்தத் தண்ணி இதுங்களுக்கு ஆகாதுங்க. குளுருக்குத் தாங்காது. சூடு பண்ற கருவி ஒண்ணு குடுத்திருக்கோணும். நான் மறந்துட்டேன்."

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஒங்களுக்கே மறதி வருதா? அப்பச் சரி" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"பெட்டிக்குள்ள இருக்கற வரைக்கும் நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்குமுங்க. ஆனா பெட்டி வெதுவெதுப்பா இருக்கோணும். உங்க ஊட்டுல ராத்திரி பூராச் சூடா இருக்கற எடம் எதுங்க?"

"வீட்டுலயா? அடுப்புக்குப் பக்கத்துல ஒம்பது மணி வரைக்கும் சூடு இருக்கும். அதுக்கப்புறம் நாங்களே நடுங்கிக்கிட்டுத்தான் கெடப்போம்." அவரே தொடர்ந்தார். "சூடான எடம் ஒண்ணு இருக்கு டீச்சர். ஆனா அது வீடு இல்ல."

அவருக்கு அன்றைக்குப் பத்து மணி ஷிப்ட். தொழிற்சாலையில் தேயிலையை உலர்த்தும் டிரையருக்கு அடுப்பில் விறகு போடுகிற வேலை அவருடையது. இதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார், நோட்டிலும் இருக்கிறது. ஆனாலும் நான் ஒரு வாரம் யோசித்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். வழி கண்டுபிடித்த பிறகு தப்பைச் சொல்வோம் என்று காத்திருக்காதீர்கள். வழி பெரும்பாலும் எதிரில் நிற்கிறவரிடம்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னால்தானே அவர் அதை எடுப்பார்?

அந்தத் தொழிற்சாலைக்குள் வாசனை என்ற பேச்சுக்கே இடமில்லை. தேயிலை எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும் என்று, பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டுகூட உள்ளே வரக்கூடாது. அதைக் காவல் காப்பவர் டீமேக்கர். தேயிலையின் பக்குவத்துக்கு அவர்தான் பொறுப்பு. தொடுபுழை மலையாளி, கண்டிப்பானவர். நடந்ததை மறுநாள் முருகையா அண்ணன் சொல்லக் கேட்டேன்.

"எந்தா முருகையா பெட்டியில?"

"மீனு சார்."

"மீனோ? தேயிலை ஃபேக்டரிக்குள்ளயா? நீ என்னைப் பென்ஷன் வாங்க விடமாட்டியா?"

"கொழம்பு வைக்கிற மீனு இல்ல சார். உசுரோட இருக்க மீனு. ஒரு ராத்திரி மட்டும்."

டீமேக்கர் டேப்பைப் பிரித்து மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். டார்ச் அடித்ததும் ஆறு லோச்சும் பாக்கெட்டின் மூலையில் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டன. அவர் டார்ச்சை அணைத்தார். பிறகு தேயிலை இருக்கிற பக்கம் வரவே கூடாது, அடுப்புச் சுவருக்கு வெளியே விறகுப் பக்கம் வைத்துக்கொள் என்றார். போனவர் பத்து நிமிஷத்தில் சுவரில் தொங்குகிற தெர்மாமீட்டர் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்தார். மணிக்கு ஒருதரம் பார்த்து எழுது என்றார்.

அப்புறம் எனக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது. பதினொரு மணி, 30 டிகிரி. நான் எழுந்து உட்கார்ந்தேன். அடுத்த நிமிஷமே, ஓரடி தள்ளி வச்சாச்சு. பன்னிரண்டு மணி, 27. ஒரு மணி, 26. நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு மணிக்கு மெசேஜ் இல்லை. இரண்டு ஐந்துக்கும் இல்லை. இரண்டு பத்துக்குப் போன் அடித்தது. முருகையா அண்ணன் விறகு எடுக்கப் போயிருக்க, அவர் போனிலிருந்து கூப்பிட்டவர் டீமேக்கர்.

"மோளே, மூணெண்ணம் போயி கேட்டோ. ஞான் இப்பத்தான் திறந்து பார்த்தேன். மல்லாந்து கிடக்குது."

மூன்று, மல்லாந்து. தலைகீழ்க் கெளுத்தி என்று உடனே தெரிந்தது. அவற்றின் வழக்கமே அதுதான் என்று சிரித்துவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் செத்த மீனும் மல்லாந்துதான் கிடக்கும். சித்தூரில் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு இரண்டில் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் தெரியும் என்று நம்பி அன்றைக்கே ஒருமுறை ஏமாந்தாயிற்று.

"சார், டார்ச்சைக் கையில பொத்திக்கிட்டு, வெரல் சந்துல வர்ற வெளிச்சத்துல பாருங்க. கன்னத்துப் பக்கம் செவுள் தொறந்து மூடுதுங்களா?"

நீண்ட நேரம் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"அசையுது. மூணும் அசையுது. ஆனா மல்லாந்துதான் கிடக்கு."

"அப்ப நல்லா இருக்குதுங்க சார். அதுங்க எப்பவும் அப்படித்தானுங்க."

"எப்பவுமா?" என்றார். "எடோ முருகையா, இதை நீ முன்னாலயே சொல்லக் கூடாதா?" தூரத்தில் விறகு விழுகிற சத்தமும், முருகையா அண்ணன் சிரிக்கிற சத்தமும் கேட்டன.

விடிகாலை ஐந்து மணிக்கு வந்த மெசேஜில் டிகிரி இல்லை. 'ஒம்பதும் இருக்கு' என்று மட்டும் இருந்தது.

சொல்ல வேண்டாம் என்று சொன்ன கடைக்காரர் அன்று காலை என்ன செய்தார் என்பதையும் எழுதியாக வேண்டும். ராத்திரியே பல பேருக்குப் போன் செய்து, பொள்ளாச்சியில் ஒரு கடைக்காரரை எழுப்பி, ஒரு ஹீட்டருக்குச் சொல்லிவைத்து, விடிவதற்கு முன்னால் பைக்கில் போய் வாங்கி, மூணாறு போகிற பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்தார். மத்தியானம் முருகையா அண்ணன் அதை வாங்கித் தொட்டியில் மாட்டினார். தண்ணீர் வெதுவெதுப்பாகும்வரை பெட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கினாராம். மாலை ஒன்பதையும் விட்டார். அந்த நேரத்தில்தான் அவர் மகள் அபி போனைப் பிடுங்கி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அக்கா, மீனுக்குக் குளிருமா? அதுக்குச் சொட்டர் போட முடியாதுல்ல?"

ஆறு மாதம் கழித்து, கணவருக்கு லீவு கிடைத்தபோது தேவிகுளம் போனோம். ஒன்பது மணிக்கு லயத்து வீட்டில் விளக்கை அணைத்தார்கள். சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. கட்டிலிலும் நாற்காலியிலும் தரையிலுமாக நாங்கள் ஏழு பேர், யாழினி என் மடியில். தொட்டியில் சிரட்டைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உடனே சந்தேகம் வந்தது. இருக்கின்றனவா, இல்லையா?

"ஒண்ணும் வல்லியே" என்றேன் மெதுவாக.

"பேசாம இருங்கக்கா" என்று அபி அதட்டினாள். "நம்ம எத்தன பேருன்னு அதுக எண்ணிக்கிட்டு இருக்கும்."

எண்ணி முடித்தனவோ என்னவோ, மணல் ஒரு இடத்தில் அசைந்தது. ஒரு லோச் தலையை நீட்டியது. பின்னால் இன்னொன்று. ஆறும் கண்ணாடி ஓரமாக ஏறி இறங்கி விளையாடின. சிரட்டையின் உள்கூரையில் ஒட்டியிருந்த மூன்று கெளுத்திகளும் மல்லாந்தபடியே, அவசரமில்லாமல் வெளியே வந்தன. யாழினி மூச்சுவிடாமல் பார்த்தாள். நான் ஒன்பதையும் எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

சின்னதாக ஒரு குறட்டை கேட்டது. முருகையா அண்ணன் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"மீனு வந்ததுல இருந்து இப்படித்தான்" என்றார் அவர் மனைவி காதோடு. "லீவன்னிக்குப் பத்து நிமிசம் பாப்பாரு, தூங்கிருவாரு. மிச்சத்த நாந்தான் உக்காந்து பாக்கேன். இப்ப எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

இப்போது நம் கடையில் ஹீட்டர் இருக்கிறது. இரவுத் தொட்டிக்கான பக்கத்தில் முதல் வரியாக, 'எந்த ஊர்?' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்த நோட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கையுறை பற்றி எழுதிய வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

இனி என் காரியம். விவசாய அலுவலகமான கிருஷிபவனில் வேலை செய்யும் என் கணவருக்குக் காந்தலூருக்கு மாற்றலாகியிருக்கிறது. அதனால்தான் கடையை விடுகிறேன். தேவிகுளத்திலிருந்து வந்த பிறகு யாழினிக்காக வீட்டிலும் ஓர் இரவுத் தொட்டி வைத்தோம். ஆறு லோச், மூன்று கெளுத்தி, அவளுடைய எண்ணிக்கை அதில் மாறக் கூடாது. காந்தலூரில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகள் நன்றாகவே குளிரும். ஹீட்டர் எடுத்துக்கொண்டேன், உபரியாக இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன். ஆனால் மழையும் காற்றும் வந்தால் அங்கே ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் போவதும் உண்டு என்கிறார்கள். ஹீட்டர் இருந்து என்ன செய்ய?

தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தச் சொல்கிறார் முருகையா அண்ணன். தெர்மாகோல் தகடு ஒட்டலாம் என்கிறார் கடைக்காரர். ஒன்பதையும் கடையிலேயே விட்டுப் போய்விடு, அதுதான் மீனுக்கு நல்லது என்றும் அவரே சொல்கிறார். அது சரி என்று காலையில் தோன்றுகிறது, மாலையில் யாழினி தொட்டிக்கு முன்னால் உட்காரும்போது தப்பு என்று தோன்றுகிறது. ஃபேக்டரிக்குக் கொண்டுவந்துவிடு மோளே என்று டீமேக்கர் சொல்லியனுப்பியிருக்கிறார். கரண்ட் போகிற ராத்திரியெல்லாம் மலைப்பாதையில் அவ்வளவு தூரம் எப்படிப் போவது?

இதைப் படிக்கிறவர்களில் மூணாறு, வட்டவடை, ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் ஊர்களில் தொட்டி வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். கரண்ட் இல்லாத ராத்திரியில் தண்ணீரின் சூட்டை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? சுடுதண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தொட்டிக்குள் மிதக்கவிடலாமா, அது திடீரென்று சூட்டை ஏற்றிவிடாதா? இல்லை, மீன்களை இங்கேயே விட்டுப் போவதுதான் நியாயமா? பெட்டி கட்டுவதற்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதற்குள் எழுதுங்கள். இரண்டாவதாக ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிவைத்துவிட்டேன்.

அபிக்கு நான் தர வேண்டிய பதில் உங்களில் யாருக்காவது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அவள் இப்போது ஐந்தாம் வகுப்பு. போன வாரம்கூடக் கேட்டாள்.